மரத்தில் மாட்டிய செம்பு

சுவக்கீன் அந்தச் செம்பைக் கண்டபோது அது தரையில் கிடக்கவில்லை, மரத்தில் மாட்டியிருந்தது. பிற்பாடு அவன் தனக்குத்தானே எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தான். எல்லாச் சமாதானமும் இந்த ஓர் இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. தரையில் கிடந்தால் தவறி விழுந்தது என்று சொல்லலாம். கிளையில் கயிறு போட்டு மாட்டியிருந்தால், மாட்டியவன் திரும்பி வரப்போகிறான் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

போடி அடிவாரத்திலிருந்து மலைக்கு அந்தரத்தில் ஓடும் கயிற்றுவண்டி வருவதற்கு ஏழெட்டு வருசம் முந்திய காலம் அது. தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு அரிசியும் உப்பும் கருவாடும் மனுசன் தலையிலும் மாட்டின் முதுகிலும்தான் ஏறின. சுவக்கீன் அப்படி அரிசி சுமக்கிறவன். பன்னிரண்டு வயதில் சுமைக்குக் கழுத்தைக் கொடுத்தவனுக்கு இப்போது முப்பத்தைந்து. கழுத்து தோளுக்குள் இறங்கிப்போய்விட்டது. யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டான், உடம்போடு திரும்புவான்.

ஆனி மாதச் சாரல். கூட வந்த சுமைக்காரர்கள் முன்னால் போய்விட்டார்கள். ஓடையைத் தாண்டுவதற்கு முன் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. அதில் மூட்டையை இறக்கிவிட்டு, காலில் ஏறிய அட்டைகளுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து நாவல் மரத்தில் தொங்கியது கண்ணில் பட்டது. பித்தளைச் செம்பு. வாயை மஞ்சள் துணியால் வேடு கட்டியிருந்தது.

கயிற்றை அவிழ்த்துக் கையில் வாங்கியதும் அதன் கனம் அவனை என்னவோ செய்தது. இத்தனை சின்னச் செம்பு இத்தனை கனக்காது. கீழ்நாட்டிலிருந்து பிழைக்க வருகிறவர்கள் காதில் கழுத்தில் கிடந்ததைக் கழற்றி, மாவுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் புதைத்துக் கொண்டுவருவார்கள் என்று சுமைக்காரர்கள் மத்தியில் ஒரு பேச்சு. யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் பேச்சு உண்டு.

முன்னும் பின்னும் பார்த்தான். பனி மூடியிருந்தது. வேடு கட்டிய துணியை அவிழ்த்தான். மேலே காய்ந்த வேப்பிலை, ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு. அடியில் மண். அமுக்கி அமுக்கி அடைத்த கரிய மண். விரலை விட்டுத் துழாவினான், விரல் இறங்கவில்லை. குச்சியால் குத்திக் கிளறி, பாறைமேல் கவிழ்த்து, ஒரு கட்டி விடாமல் உடைத்துப் பிசைந்து பார்த்தான். ஒன்றுமில்லை. வெறும் மண். நகக்கண்ணுக்குள் புகுந்து ஒட்டிக்கொண்ட பசை மண். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை வலுத்தது. பாறைமேல் கிடந்ததைக் கரைத்துக் கரிய நீராகச் சரிவில் இழுத்துக்கொண்டு போனது.

"தூத்தேறி," என்றான். மண்ணைச் சொன்னானா தன்னைச் சொன்னானா தெரியாது. செம்பை ஓடையில் அலசி, துணியைப் பிழிந்து அதற்குள் திணித்து, மூட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

வீட்டில் இன்பமேரி செம்பைத் தட்டிப் பார்த்தாள். "நல்ல கனத்த செம்பா இருக்கே. எங்கன ஆப்பிட்டுச்சு?"

"வழியில கெடந்துச்சு."

கிடந்தது என்று முதல்முதலாக அவன் சொன்னது அப்போதுதான். அவள் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி, தண்ணீர் மோந்து குடித்தாள். அவனுக்கும் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து, கொழுந்தெடுத்துவிட்டு வந்த இன்பமேரி கூடையை இறக்குவதற்கு முன்பே பேச ஆரம்பித்தாள்.

"நல்லமுத்துக் கங்காணி புதுசா நாப்பது ஆளக் கூட்டியாந்திருக்காருல்ல, அதுல ஒருத்தன் கருத்தப்பாண்டின்னு. கரிசக்காட்டு ஆளு. வந்த நாள்லருந்து வேலைக்கு எந்திரிக்கலையாம். கஞ்சித்தண்ணிகூடத் தொடலையாம். கங்காணி பெரம்பால அடிச்சும் பாத்துட்டாரு, மரக்கட்ட மாதிரி கெடக்கானாம்."

"ஏன், காச்சலா?"

"காச்சல் இல்ல. சாமியத் தொலைச்சிட்டானாம். அவன் பொஞ்சாதி முத்துப்பேச்சிக்கு ஏழு மாசம். முன்ன பெத்த ரெண்டும் தங்கல. இது தங்கணும்னு அவுக குலதெய்வம் பேச்சியம்மங் கோயில்ல உத்தரவு கேட்டு, பிடிமண்ணு எடுத்து வந்திருக்காக. இங்கன லயத்துக்குப் பக்கத்துல பொதச்சி, கல்லு நட்டுக் கும்பிடலாம்னு. அந்த மண்ண எறக்குற எடத்துல எறக்குற வரைக்கும் தரையில வைக்கப்படாதாம். ஓடையில பொஞ்சாதியத் தூக்கிக் கடத்தணும்னு மரத்துல மாட்டிட்டுப் போயிருக்கான். அக்கரையில அவ மயக்கம்போட்டு விழுந்துட்டா. கங்காணி நட நடன்னு வெரட்ட, மறந்துட்டாக. மறுநா விடியக்காலம் ஓடிப்போயிப் பாத்திருக்கான், மரம் மட்டும் நிக்குது."

சொல்லிக்கொண்டே தண்ணீர் குடிக்கச் செம்பை எடுத்தவள், எடுத்த கையோடு நின்றாள். செம்பைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இதுவா?"

சுவக்கீன் தலையாட்டினான்.

"மண்ணு எங்க?"

"கொட்டிட்டேன்."

"கொட்டி, உள்ள ஏதும் இருக்கான்னு பாத்தியளாக்கும்."

இன்பமேரி செம்பைப் பலகையின்மேல் வைத்தாள். சுடுகிற பாத்திரத்தை வைப்பதுபோல வைத்தாள்.

"இன்னொரு தடவ போயி எடுத்தாரட்டும்," என்றான் அவன், பாதி தனக்காக.

"கங்காணி எறங்க விட்டாருன்னா. போன ஆளு திரும்ப வரமாட்டான்னு தெரியாதாக்கும் அவருக்கு." செம்பைக் கண்ணால் காட்டினாள். "வெறுஞ்செம்பக் கொண்டுபோனா மண்ணு எங்கன்னுதான் மொதல்ல கேப்பாக. நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு ஒண்ணும் தெரியவும் தெரியாது. நான் அதுல தண்ணி குடிச்சேன்னு மட்டும் எங்கயும் ஒளறிராதீக."

ஒன்றும் தெரியாத அவள்தான் அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் துண்டை எடுத்து, அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், காட்டு மரத்தடியில் சுவக்கீன் மண் தோண்டினான். இலை மக்கிக் கறுத்த மண். அதுவும் கறுப்புத்தானே என்று நினைத்துக்கொண்டான். அடைத்து, மஞ்சளை வைத்து, துணியைக் கட்டினான். வேப்பிலைக்கு அந்தக் குளிர் மலையில் எங்கே போவது, அதை விட்டுவிட்டான். இன்பமேரி துலக்கியதில் செம்பு கல்யாண வீட்டுப் பாத்திரம்போல மின்னியது. சேற்றைப் பூசித் தேய்த்து மங்கவைத்தான். அதைச் செய்தபோது அவன் கைகள் பதறவில்லை. நிதானமாகவே செய்தன. இந்த நிதானம் பிற்பாடு அவனை ரொம்பத் தொந்தரவு செய்தது.

புது ஆட்கள் இருந்த லயத்து வாசலுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது ஊர்சனமெல்லாம் வேலைவிட்டு வந்திருந்தது. கருத்தப்பாண்டி சுவரோரம் கால் நீட்டிக் கிடந்தான். முகத்தில் பிரம்புத் தழும்பு ஒன்று சிவந்திருந்தது.

"ஓடைக்கரையில மரத்துல மாட்டியிருந்துச்சு," என்றான் சுவக்கீன். "யாரோடதுன்னு தெரியாம எடுத்துவச்சிருந்தேன்."

ஒரு சொல்லும் அதில் பொய்யில்லை. சொல்லி முடித்தபோது அதுவே அவனுக்கு அசிங்கமாக இருந்தது.

கருத்தப்பாண்டி எழுந்திருக்கவில்லை. கிடந்தவன் கிடந்தபடியே புரண்டு, சேற்றில் ஊர்ந்துவந்து, அவன் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு முகத்தை அதில் வைத்துவிட்டான். வெடித்த பாதம், அட்டை கடித்த பாதம். அதில் அந்த ஆளின் கண்ணீர் சூடாக இறங்கியது.

"சாமி," என்றான். "என் தெய்வமே. எம்பிள்ளையக் கொண்டாந்துட்டீகளே."

"எந்திரிங்க. ஏய், எந்திரிங்கய்யா. கால விடும்."

முத்துப்பேச்சி வந்து செம்பை முந்தானையில் வாங்கினாள். ஒல்லியான பெண், வயிறு மட்டும்தான் முன்னால் வந்தது. வாங்கியவள் ஒரு கணம் அப்படியே நின்றாள். அப்புறம் புருசன் கிடந்த கிடையைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிய முடிந்தமட்டும் குனிந்து அவளும் கும்பிட்டாள்.

"பாத்தியளாலே," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான் நல்லமுத்துக் கங்காணி. "வேதக்காரன். சிலுவையக் கும்பிடுறவன், நம்ம சாமி அவனுக்குச் சாமி இல்ல. ஆனாலும் கொண்டாந்து குடுத்தாம் பாரு. நீங்களா இருந்தா செம்ப அடுப்படிக்குக் கொண்டுபோயிருப்பிய."

கூட்டம் சிரித்தது. சுவக்கீனும் சிரித்துவைத்தான். கருத்தப்பாண்டி அன்று சாயங்காலமே கஞ்சி குடித்தான். மறுநாள் வேலைக்குப் போனான்.

அதோடு போயிருந்தால் சுவக்கீனும் மறந்து தொலைத்திருப்பான். போகவில்லை. மலைப்பாதையில் யார் எதைத் தவறவிட்டாலும் "சுவக்கீன்கிட்டக் கேட்டுப் பாருங்க" என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. ஒரு கத்தி, ஒரு கம்பளி, யாரோ ஒரு கிழவியின் வெற்றிலைப் பை. எதைக் கண்டாலும் அவன் எடுத்துக்கொண்டுபோய் உரியவர் கையில் சேர்த்தான். பயந்துபோய்ச் சேர்த்தான் என்றுதான் சொல்லவேண்டும். ஒவ்வொருவரும் வாயார வாழ்த்தினார்கள். வாழ்த்தை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்துவிடுவான்.

ஆடிச் செவ்வாயில் லயத்துக் கோடியில் கல் நட்டார்கள். கருத்தப்பாண்டி நேரில் வந்து கூப்பிட்டான். "மொதத் தேங்கா ஒங்க கையிலதான் குடுக்கணும்."

"நான் வேதக்காரன்யா. படைச்சதத் திங்கப்படாது. எங்க சாமியார் வைவாரு."

நல்ல சாக்கு ஆப்பிட்டது என்று அவன் நினைத்தான். கருத்தப்பாண்டி யோசித்தான். "சரி, அப்ப ஒங்களுக்கு உள்ளத மொதல்லயே எடுத்து வச்சிருதோம். படைக்கிறதுக்கு முந்தி. அம்மன் கொஞ்சம் பொறுத்துக்கிருவா."

அப்படியே செய்தார்கள். நாற்பது பேர் பார்த்து நிற்க, அம்மனுக்கு முன்னால் அவனுக்கு ஒரு தேங்காய். வீட்டுக்குக் கொண்டுவந்ததை இன்பமேரி தொடவில்லை. மூலையில் கிடந்து அது அழுகியது.

ஆவணியில் சாமியார் வந்தார். மூன்று மாதத்துக்கு ஒருதரம் தோட்டம் தோட்டமாக வந்து பூசை வைப்பவர். சுவக்கீன் பாவசங்கீர்த்தனம் செய்ய முழந்தாளிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். கொட்டியதை, பிசைந்ததை, வேறு மண் அடைத்ததை, செம்புக்குச் சேறு பூசியதை.

"பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய் அல்லவா?" என்றார் சாமியார்.

"செம்பக் குடுத்தேன், சாமி. மண்ணு..."

"மண் மண்தானப்பா. கல்லைக் கும்பிடுகிறவர்களுக்கு எந்த மண்ணானால் என்ன? ஆசைப்பட்டது பாவம். அதற்குப் பத்துப் பரலோக மந்திரம் சொல்."

"அவுககிட்டச் சொல்லணுமா சாமி?"

"எதற்கு? அந்தப் பேச்சுக்கே இனி போகாதே."

பத்தும் சொன்னான். சொல்லி எழுந்தபோது, மூட்டையைத் தூக்கிப் பார்க்காமலே லேசுதான் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனது மாதிரி இருந்தது. சாமியார் குதிரையேறி அடுத்த தோட்டத்துக்குப் போனார். அவனுக்குத்தான் அங்கேயே இருந்து கருத்தப்பாண்டியின் கும்பிடை வாங்கவேண்டியிருந்தது. அந்த ஆள் பார்த்த இடத்திலெல்லாம் கும்பிட்டான். தலையில் விறகுக்கட்டு இருந்தால் அதை இறக்கிவைத்துவிட்டுக் கும்பிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளையில் சுவக்கீன் லயத்துக் கோடிக்குப் போனான். கருத்தப்பாண்டி விறகுக்குப் போயிருந்தான். முத்துப்பேச்சி கல்லைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை விளக்குமாற்றில், ஒரு கை இடுப்பில்.

"தாயி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"மண்ணப் பத்தியா?" என்றாள் அவள், பெருக்குவதை நிறுத்தாமல்.

சுவக்கீன் முன்னால் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தான்.

"கையில வாங்குனப்பவே தெரியும், அண்ணாச்சி. எங்க கரிச மண்ணு ஒரு செம்பு எடுத்தா இடுப்பு சாயும். நீங்க குடுத்தது பஞ்சு மாதிரி இருந்துச்சு. தொறந்து பாத்தா உள்ள பூராம் சல்லிவேரு. வேப்பிலையும் காணும்."

"பின்ன ஏன் அன்னைக்கே சொல்லல?"

"அன்னைக்கு அவரு மொகத்தப் பாத்தீகளா, இல்லையா?" இப்போது விளக்குமாறு நின்றது. "'ரெண்டையும் மண்ணுக்குக் குடுத்தோம், இத நானே மரத்துல மாட்டிட்டு வந்துட்டேன்'னு சொல்லிக்கிட்டே கெடந்தாரு. இது எங்க மண்ணு இல்லைன்னு நான் ஒரு சொல்லு சொல்லியிருந்தா, பள்ளத்துல போயி விழுந்திருப்பாரு. கல்லு நட்ட அன்னைக்கும் அவரக் கைவைக்க விடல. நானே பாலும் மஞ்சத்தண்ணியும் ஊத்திக் கொழச்சிப் பொதச்சேன்."

"தாயி..."

"எங்க மண்ண என்ன செஞ்சீக?"

"பாறையில கொட்டுனேன். மழையில போயிருச்சு."

"எதுக்குக் கொட்டுனீக?"

தவறிப்போய்க் கொட்டிவிட்டது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "உள்ள நகை இருக்கும்னு பாத்தேன்."

அவள் அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள். "நகையா? எங்ககிட்டயா?" சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. "தண்ணி எந்தப் பக்கம் ஓடுச்சு?"

"கீழ. போடிப் பக்கம்."

"அப்ப பேச்சியம்மா ஊருக்கே திரும்பிட்டா. பொழைக்கத் தெரிஞ்சவ."

காற்றில் சருகு மறுபடியும் கல்லடிக்கு வந்தது. அவள் அதைக் காலால் ஒதுக்கினாள்.

"நான் அவருகிட்டச் சொல்லிருதேன்," என்றான் சுவக்கீன். "கால்ல விழுந்து சொல்லிருதேன். என்னால இதத் தாங்க முடியல, தாயி. அவரு கும்பிடும்போது..."

"சொன்னா ஒமக்கு எறங்கிரும்." நீங்க என்பது போய்விட்டது. "எறக்குனத யாரு தூக்குவா? நானா? இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்கிற சூலி. நீரு சொல்லப்படாது. பிள்ளை பொறந்து, அது எந்திரிச்சி நடந்து, அவரு நெஞ்சு தெளியுற மட்டும் வாயத் தொறக்கப்படாது. கூப்பிட்டா வரணும். தேங்கா குடுத்தா ரெண்டு கையாலயும் வாங்கணும். அவரு கும்பிட்டா நிக்கணும். ஓடப்படாது. ஓடுறீரு, நான் பாக்கத்தான செய்யுதேன்."

"முடியாது, தாயி."

"அரிசி மூட்டை தூக்குதீருல்ல, முடியும்."

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்த..."

"அத ஒம்ம சாமியாருட்டக் கேளும்."

"கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"மண்ணு மண்ணுதான்னாரு."

முத்துப்பேச்சி திரும்பி நின்று பெருக்க ஆரம்பித்தாள்.

ஆவணி முடிவதற்குள் பிள்ளை பிறந்தது. ஆண். முப்பதாம் நாள் பேர்விடுகிறார்கள் என்று கருத்தப்பாண்டி முந்தின வாரத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். காலையிலேயே ஆள் அனுப்பினான். இன்பமேரி, தலைவலி என்று படுத்துக்கொண்டாள். சுவக்கீன் மட்டும் போனான். கூப்பிட்டால் வரவேண்டும் என்றிருக்கிறதே.

முத்துப்பேச்சி பிள்ளையை மடியில் வைத்துக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சனம் சுற்றி நின்றது. கருத்தப்பாண்டி குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தான். பிரம்புத் தழும்பு ஆறி வெளுத்திருந்தது.

"பேச்சியம்மா குடுத்த பிள்ளை," என்றான் அவன், எல்லோருக்கும் கேட்கும்படி. "அவளக் கொண்டாந்து சேத்தவரு பேரத்தான் விடப்போறேன். சுவக்கீன்."

கூட்டத்தில் தலைகள் சுவக்கீன் பக்கம் திரும்பின. அப்புறம் நல்லமுத்துக் கங்காணிதான் சிரித்தான். "வேதக்காரப் பேரா, லே? அம்மன் கோவிச்சுக்கிடப் போறா."

"அவளுக்குத் தெரியாததா, கங்காணி? யாரு கையில ஏறி வந்தான்னு அவளுக்குத்தான் நல்லாத் தெரியும்."

சுவக்கீன் முன்னால் வந்தான். "வேண்டாம்யா. சொன்னாக் கேளும். வேற பேரு விடும். ஒம்ம அய்யா பேரு விடும்."

"எங்கய்யாவா வந்து மண்ணக் குடுத்தாரு?"

"எம்பேரு நல்ல பேரு இல்ல. நான் நல்லவன் இல்லய்யா."

"இந்தப் பணிவுக்கே விடலாம்," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. ஆமாம் ஆமாம் என்றார்கள். கருத்தப்பாண்டியின் கண் கலங்கியது. நல்லவன் இல்லை என்று சொல்கிறவனைவிட நல்லவன் யார் என்பதுபோல அவன் எல்லோரையும் பார்த்தான். மேற்கொண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் சுவக்கீனின் தொண்டைவரை வந்தது. முத்துப்பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். அவன் அதை விழுங்கினான்.

"காதுல சொல்லு புள்ள, மூணு தடவ," என்றான் கருத்தப்பாண்டி.

அவள் உடனே குனியவில்லை. பிள்ளையின் காதோரம் ஒட்டியிருந்த எண்ணெயை முந்தானையால் துடைத்தாள். இன்னொரு தரம் துடைத்தாள். சனம் காத்திருந்தது. இந்தப் பேரை இவள் எப்படிச் சொல்வாள் என்று சுவக்கீன் நினைத்தான். சொல்லாமல் எழுந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றும், அவள் எழுந்து எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டால்கூட நல்லது என்றும் நினைத்தான். அவள் குனிந்தாள். பிள்ளையின் காதில் வாயை வைத்து, கண்ணை மட்டும் உயர்த்தி அவனைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சுவக்கீன்."

அவனை யாரோ கூப்பிட்டதுபோல உடம்பு திரும்பப் பார்த்தது. நிறுத்திக்கொண்டான்.

"சுவக்கீன்."

மூன்றாவது தடவை சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. யாருக்கும் கேட்கவில்லை. உதடு அசைந்ததை வைத்துச் சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் குலவையிட்டாள்.

"தூக்குங்க, அண்ணாச்சி," என்றாள் முத்துப்பேச்சி. சனத்துக்கு முன்னால் மறுபடியும் அண்ணாச்சி. பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினாள்.

அவன் துண்டில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "வாங்குங்க," என்றாள் அவள் மறுபடியும், தணிந்த குரலில். அவன் வாங்கினான். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. எங்கே பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கல்லைப் பார்க்க முடியவில்லை, அவளைப் பார்க்க முடியவில்லை. எதிரே கருத்தப்பாண்டி கைகூப்பி நின்றான்.

"கையக் கீழ போடும்யா," என்றான் சுவக்கீன். "போதும். போட்டுரும்."

அவன் போடவில்லை.